தாய்லாந்தில் சுற்றுலாத் தங்கலை நீட்டிப்பது: கேள்விகளும் பதில்களும்

கையிருப்பு குறைவாகவும் நாட்கள் நிறையவும் வைத்துக்கொண்டு தென்கிழக்கு ஆசியாவைச் சுற்றும் நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே விடை எழுதுகிறேன். பாதிக்கு மேல் தாய்லாந்தைப் பற்றியவை; எனக்கு நன்கு பழக்கமான குடிவரவு அலுவலகங்களும் அங்கேதான் இருக்கின்றன. வேறாகச் சொல்லாத இடங்களில் இந்தியப் பாஸ்போர்ட்டையே கருதுகிறேன். எல்லாம் 2025 ஆகஸ்டு நிலவரம். விதிகள் மாறக்கூடியவை என்பதால் புறப்படும் முன் தூதரகத்தின் தளத்தை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

மதுரை வாசகர்: விசா எடுக்காமல் ஆகஸ்டு 5 அன்று பாங்காக்கில் இறங்கினேன். மூன்று மாதம் தங்க ஆசை. எங்கே போய் நீட்டிப்பது, எவ்வளவு ஆகும்?

முதலில் பாஸ்போர்ட்டைத் திறந்து நுழைவு முத்திரையைப் பாருங்கள். அதில் இரண்டு தேதிகள் இருக்கும்: ஒன்று நீங்கள் நுழைந்த நாள், மற்றொன்று நீங்கள் தங்க அனுமதிக்கப்பட்ட கடைசி நாள். 2024 ஜூலை 15 முதல் இந்தியர்களுக்கு விசா விலக்கில் 60 நாள் கிடைக்கிறது. ஆனால் இறங்கிய நாளே முதல் நாளாகக் கணக்கில் வரும். ஆகவே உங்கள் கடைசி நாள் அக்டோபர் 3. பலர் மனக்கணக்கில் போடுவது போல அக்டோபர் 5 அல்ல. முத்திரையில் இருக்கும் தேதியே சட்டம். அதிகாரி தவறான தேதியைக் குத்தியிருந்தாலும் அதைக் கவுன்டரை விட்டு நகரும் முன்பே சொல்லித் திருத்திக்கொள்ள வேண்டும்.

அந்தத் தேதிக்குள் எந்த நாளிலும், நீங்கள் தங்கியிருக்கும் மாகாணத்தின் குடிவரவு அலுவலகத்தில் 30 நாள் நீட்டிப்புக் கேட்கலாம். கட்டணம் 1,900 பாட், நம் பணத்தில் ஏறத்தாழ 5,000 ரூபாய். டி.எம்.7 என்ற படிவம், 4×6 சென்டிமீட்டர் அளவில் ஒரு புகைப்படம், பாஸ்போர்ட்டின் முகப்புப் பக்கம், நுழைவு முத்திரைப் பக்கம் ஆகியவற்றின் நகல்கள், தங்குமிடச் சான்று, இவை போதும். நகல் ஒவ்வொன்றிலும் கையெழுத்திடுங்கள். முன்கூட்டியே போனால் நாட்கள் வீணாகுமோ என்று அஞ்ச வேண்டாம். புதிய 30 நாள் பழைய கெடு முடியும் இடத்திலிருந்துதான் தொடங்கும். நீங்கள் செப்டம்பர் 20 அன்று போனாலும் அக்டோபர் 3 அன்று போனாலும் கிடைக்கப்போவது நவம்பர் 2 தான். எனவே கடைசி நாளுக்குக் காத்திருக்க எந்தக் காரணமும் இல்லை, அதுவும் அந்த நாள் சனி, ஞாயிறு அல்லது அரசு விடுமுறையாக இருந்தால்.

பாங்காக்கில் இருப்பவர்கள் சேங்வத்தானா அரசு வளாகத்தின் 'பி' கட்டடத்துக்குப் போக வேண்டும். அலுவலகம் திறக்கும் முன்பே வரிசை தொடங்கிவிடும். முதலில் ஒரு மேசையில் தாள்களைச் சரிபார்ப்பார்கள், அதன் பிறகே வரிசை எண் கிடைக்கும். ஒரு நகல் குறைந்தால் திரும்பிப் போய் எடுத்து வரச் சொல்வார்கள். நகல் எடுக்கவும் படம் பிடிக்கவும் அந்தக் கட்டடத்திலேயே கடை உண்டு. பகல் 12 மணிக்கு நின்று 1 மணிக்கு மீண்டும் தொடங்கும் என்பதால், காலை 11 மணிக்குப் போய்ச் சேர்பவர் பாதி நாளை அங்கேயே கழிப்பார். கூட்டத்தைத் தவிர்க்க விரும்பினால், பயண வழியில் வரும் ஒரு சிறிய மாகாணத்தின் அலுவலகத்தில் நீட்டித்துக்கொள்ளும்படி திட்டமிடுங்கள். கட்டணத்தில் யாராலும் ஒரு பாட் கூட மிச்சப்படுத்த முடியாது. ஆனால் இதற்கென்றே தனியாகப் பேருந்து பிடித்து, அறை எடுத்து, ஒரு நாளை இழக்கும் செலவை மிச்சப்படுத்தலாம்.

சேலம் வாசகர்: 30 நாள் நீட்டிப்பு முடிந்ததும் இன்னொரு 30 நாள் கிடைக்குமா?

கிடைக்காது என்றே வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். இரண்டாம் முறை கேட்டால் வழக்கமாக 7 நாள் மட்டும் தருவார்கள், அதற்கும் அதே 1,900 பாட்.

ஈரோடு வாசகி: சியாங் மாயில் ஒரு வீட்டில் மாத வாடகைக்கு இருக்கிறேன். நீட்டிப்புக்குப் போன இடத்தில் டி.எம்.30 இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அது என்ன, அக்கா?

தாய்லாந்தின் 1979ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் 38ஆம் பிரிவின்படி, வெளிநாட்டவரைத் தங்க வைக்கும் வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பின் பெயர்தான் டி.எம்.30. விடுதிகள் இதைத் தாமாகவே இணையத்தில் பதிந்துவிடும். தனி வீட்டுக்காரர்கள், குறிப்பாக ஏர்பிஎன்பி வழியாக வாடகைக்கு விடுபவர்கள், பதியாமல் விட்டுவிடுவது சாதாரணம். சட்டப்படி கடமை அவர்களுடையது, ஆனால் கவுன்டரில் அலைவது நீங்கள். வீட்டுக்காரர் மசியவில்லை என்றால், நீட்டிப்புக்கு முந்தைய இரண்டு இரவுகளை ஒரு மலிவான விடுதியில் கழித்து, அங்கே பதிந்த ரசீதை வாங்கிக்கொண்டு போங்கள். இனி வாடகை பேசும்போதே, முன்பணம் கொடுப்பதற்கு முன், இதைக் கேட்டுவிடுங்கள்.

யாழ்ப்பாண வாசகர்: இலங்கைக் கடவுச்சீட்டுக்கும் இதே நடைமுறைதானா?

ஆம், அந்த 60 நாள் விலக்குப் பட்டியலில் இலங்கையும் உண்டு, நீட்டிப்பும் அப்படியே. ஆனால் கீழே நான் மலேசியாவைப் பற்றிச் சொல்லப்போவது உங்களுக்குப் பொருந்தாது. நீங்கள் அங்கே போவதற்கு முன்பே விசா எடுக்க வேண்டும்.

திருச்சி வாசகர்: என் விமானம் கெடு முடிந்து 2 நாள் கழித்து. நீட்டிப்புக்கு 1,900 பாட். கூடுதல் நாளுக்கு அபராதம் 500 வீதம் 1,000 பாட் மட்டுமே. அபராதம் கட்டுவதுதானே சிக்கனம்?

கணக்கு சரிதான், மறுக்கவில்லை. மூன்று நாள் வரை அபராதமே குறைவு. நான்காம் நாளில்தான் நீட்டிப்பு மலிவாகிறது. ஆனால் அந்த 1,000 பாட், நீங்கள் விமான நிலையத்துக்குப் போய்ச் சேரும் வரை எந்தக் காவலரும் உங்கள் பாஸ்போர்ட்டைக் கேட்காமல் இருந்தால் மட்டுமே செல்லும் விலை. தாமாக வந்து அபராதம் கட்டுபவருக்கு ஒரு விதி, வழியில் பிடிபடுபவருக்கு வேறு விதி. 2016 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த உத்தரவின்படி, தாமாக வெளியேறுபவருக்கு 90 நாளைத் தாண்டினால்தான் நுழைவுத் தடை, அதுவும் ஓராண்டு. பிடிபட்டவருக்கோ, கடந்தது ஒரே நாள் என்றாலும், ஐந்தாண்டுத் தடை.

அதே திருச்சி வாசகர்: இரண்டு நாளில் யார் பிடிக்கப்போகிறார்கள்? என் நண்பர் போன ஆண்டு 1,500 பாட் கட்டி, ரசீது வாங்கி, சிரித்துக்கொண்டே வந்தார். அரசே விலை வைத்திருக்கும்போது அது கட்டணம்தானே?

உங்கள் நண்பர் சிரித்தபடி வந்திருப்பார், பெரும்பாலானவர்கள் அப்படித்தான் வருகிறார்கள். ஆனால் அது கட்டணம் அல்ல. குடிவரவுச் சட்டத்தின் 81ஆம் பிரிவு, அனுமதி முடிந்தபின் தங்குவதை இரண்டாண்டு வரை சிறை, அல்லது 20,000 பாட் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கத்தக்க குற்றமாக வைத்திருக்கிறது. நாளொன்றுக்கு 500 என்று ஏறும் தொகை 20,000க்கு மேல் போகாமல் நிற்பது அந்த உச்சவரம்பினால்தான். வாடகை ஸ்கூட்டரில் போகும்போது சாலைச் சோதனையில் நிறுத்தப்படுவதும், சிறு விபத்தில் காவல் நிலையம் போக நேர்வதும் நடக்கக்கூடியவை. அப்போது கேட்கப்படும் முதல் தாள் பாஸ்போர்ட்.

சென்னை வாசகர் ஒருவர் இடையிட்டு: அக்கா மிகைப்படுத்துகிறார். ஒரு நாள் தாமதமானால் விமான நிலையத்தில் அபராதமே வாங்குவதில்லை.

ஒரு நாளுக்கும் குறைவாகக் கடந்தவர்களை வழக்கமாக அபராதமின்றி விட்டுவிடுகிறார்கள் என்பது உண்மை. அது அதிகாரியின் பெருந்தன்மை, உங்கள் உரிமை அல்ல. பாங்காக்கிலிருந்து நள்ளிரவை ஒட்டிய விமானங்களில் ஊர் திரும்புவோருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்: கெடு அக்டோபர் 3, விமானம் 4ஆம் தேதி அதிகாலை 12:40 என்றால், 3ஆம் தேதி நள்ளிரவுக்குள் குடிவரவுக் கவுன்டரைத் தாண்டிவிடுங்கள். விமானம் எப்போது பறக்கிறது என்பது கணக்கில்லை.

திருச்சி வாசகர் மூன்றாம் முறையாக: சரி, 1,900 கொடுக்க மனமில்லாதவனுக்கு வேறு வழியே இல்லையா?

இருக்கிறது, இதை முதலிலேயே கேட்டிருக்கலாம். பயணச்சீட்டின் தேதியைக் கட்டணமில்லாமல் மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். இன்னும் சீட்டு வாங்கவில்லை என்றால், கடைசி இரண்டு நாளைத் தாய்லாந்தில் வைக்காமல் மலேசியாவின் பினாங்கில் வையுங்கள். 2024 டிசம்பர் முதல் பினாங்கிலிருந்து சென்னைக்கு நேரடி விமானம் உண்டு. தெற்குத் தாய்லாந்தில் பயணத்தை முடிப்பவர் கெடு நாளில் எல்லை தாண்டி, பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனின் லிட்டில் இந்தியாவில் இட்லி சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்பலாம். நீட்டிப்பும் இல்லை, அபராதமும் இல்லை. இந்த விவாதத்தை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன். இதே பொருளில் வந்த மற்ற கடிதங்களுக்குத் தனியாக விடை எழுதவில்லை.

கோவை வாசகர்: பினாங்கு போய் வந்தால் மறுபடி 60 நாள் கிடைக்கும் என்கிறார்களே?

கிடைக்கலாம். விசா விலக்கில் நிலவழியாக ஒரு நாட்காட்டி ஆண்டில் இரண்டு முறைதான் நுழைய முடியும். அதற்குள்ளும், ஒவ்வொரு முறையும் மூன்று மாதம் தங்கிவிட்டு ஒரே இரவில் திரும்பி வருபவரைப் பார்த்து, இவர் சுற்றுலாப் பயணியா குடியிருப்பவரா என்று அதிகாரி கேட்பார். திரும்பும் பயணச்சீட்டும், தங்குமிட முன்பதிவும், 20,000 பாட் அளவுக்குக் காட்டக்கூடிய பணமும் கையில் இருக்கட்டும்.

மலிவான வழி, தெற்குத் தாய்லாந்தின் ஹட்யாயிலிருந்து மலேசிய எல்லை ஊரான பாடாங் பெசார் போகும் சிறு ரயில். சீட்டு 50 பாட். இரு நாட்டுக் குடிவரவுக் கவுன்டர்களும் அந்த ஒரே நிலையத்தில் இருப்பதால், சாலை எல்லைகளில் நடக்கும் அலைச்சல் இங்கே இல்லை. அங்கிருந்து மலேசியாவின் கொமுட்டர் ரயிலில் பட்டர்வொர்த், பிறகு படகில் தீவு. மலேசிய நேரம் ஒரு மணி முன்னால் ஓடுகிறது என்பதை மறந்து ரயிலைத் தவறவிடாதீர்கள். இந்தியர்களுக்கு மலேசியாவில் 30 நாள் விசா இல்லாமல் தங்கும் சலுகை 2026 டிசம்பர் 31 வரை உண்டு. ஆனால் நோய் போன்ற தவிர்க்க முடியாத காரணம் இல்லாமல் அதை நீட்டிக்க மாட்டார்கள்.

நுழைவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இரு நாடுகளின் மின்னணு வருகை அட்டைகளையும் நிரப்ப வேண்டும்; தாய்லாந்தில் இது 2025 மே 1 முதல் கட்டாயம். இரண்டுமே இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது அரசுத் தளம் அல்ல. கம்போடியா வழியாகப் போய் வரலாம் என்று எண்ணியிருந்தவர்கள், 2025 ஜூலை மோதலுக்குப் பிறகு அந்த நில எல்லைகள் மூடிக் கிடக்கின்றன என்பதைக் கவனிக்கவும்.

திரும்பி வரும்போதும் முத்திரையைக் கவுன்டரிலேயே பாருங்கள்.

பெயர் குறிப்பிடாத வாசகர்: மே சொட்டில் கணினி வேலை, மாதம் 1,000 டாலர், சுற்றுலாவாக வந்தால் அவர்களே விசாவை மாற்றித் தருவார்களாம். விமானச் சீட்டும் அவர்களே எடுக்கிறார்கள்.

போகாதீர்கள். மே சொட் தாக் மாகாணத்தின் எல்லை ஊர். மோய் ஆற்றின் அக்கரையில் மியான்மரின் மியாவடி. ஆற்றைக் கடத்திக் கொண்டுபோய், பாஸ்போர்ட்டைப் பிடுங்கி, இணைய மோசடி வேலையில் அடைத்து வைக்கும் வளாகங்கள் அங்கே இருக்கின்றன. 2022இல் தமிழ்நாட்டு இளைஞர்களே அங்கிருந்து மீட்கப்பட்டு ஊர் வந்தார்கள். உண்மையான முதலாளி வேலைக்குரிய விசாவை நீங்கள் ஊரில் இருக்கும்போதே தொடங்குவார். சீட்டு ஏற்கெனவே வந்துவிட்டது என்றால், இழப்பு உங்களுடையது அல்ல, தயங்காமல் விட்டுவிடுங்கள். ஏற்கெனவே பாங்காக்கில் இறங்கிவிட்ட யாராவது இதைப் படித்தால், வண்டியில் ஏறாமல் நேராக இந்தியத் தூதரகத்துக்குப் போங்கள்.

திண்டுக்கல் வாசகர்: 3,500 பாட் கொடுத்தால் ஒரு முகவர் என் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு போய் நீட்டித்துத் தருகிறாராம்.

பாஸ்போர்ட் உங்கள் கையை விட்டுப் போகக் கூடாது. ஆள் நேரில் வராமல் குத்தப்பட்ட முத்திரை போலியாக இருந்தால், அதை நீங்கள் அறிவது வெளியேறும் நாளில்தான்.

நாகர்கோவில் வாசகி: பாலியில் 30 நாள் போதவில்லை.

வருகையின்போது வாங்கும் விசாவுக்கு 5,00,000 ரூபியா. அதை ஒரே ஒரு முறை இன்னும் 30 நாளுக்கு, அதே தொகைக்கு நீட்டிக்கலாம். 2025 மே இறுதியிலிருந்து, விண்ணப்பத்தை இணையத்தில் அனுப்பினாலும் புகைப்படத்துக்கும் நேர்காணலுக்கும் அலுவலகம் போக வேண்டியிருக்கிறது; ஆகவே கெடுவுக்கு இரண்டு வாரம் முன்பே தொடங்குங்கள். திருச்சிக்காரர் அங்கே வந்தால் அவருக்கு ஒரு தகவல்: இந்தோனேசியாவில் அபராதம் நாளொன்றுக்கு 10,00,000 ரூபியா, அதாவது விசா விலையைப் போல இரு மடங்கு.

விழுப்புரம் வாசகர்: வியட்நாமில்?

2023 ஆகஸ்டு 15 முதல் இணைய விசாவே 90 நாளுக்குக் கிடைக்கிறது. ஒரு முறை நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50 டாலர். முதலிலேயே 90 நாளுக்கு எடுத்துவிட்டால் நீட்டிக்கும் பேச்சே எழாது.

வேலூர், தஞ்சாவூர், தூத்துக்குடி வாசகர்கள் மூவர்: 60 நாள் முடிகிறது, எப்படி நீட்டிப்பது?

மதுரை வாசகருக்கு எழுதிய விடையைப் படியுங்கள்.

காரைக்குடி வாசகர்: பாஸ்போர்ட் இன்னும் நான்கு மாதத்தில் காலாவதி ஆகிறது. பயணத்தின் நடுவே என்ன செய்வது?

இந்தியத் தூதரகத்தில் புதுப்பிக்கலாம், ஆனால் எத்தனை வாரம் ஆகும் என்பது உங்கள் கையில் இல்லை. ஆறு மாதத்துக்குக் குறைவான பாஸ்போர்ட்டை அடுத்த நாட்டில் ஏற்காமல் போகலாம் என்பதால், புதியது வரும்வரை எல்லை தாண்டும் திட்டத்தை ஒத்திவையுங்கள். வந்ததும் பழைய பாஸ்போர்ட்டில் உள்ள நுழைவு முத்திரையைக் குடிவரவு அலுவலகத்தில் புதியதற்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

புதுச்சேரி வாசகி: நீட்டிப்புக் கேட்டு மறுத்துவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா, அன்றே வெளியேற வேண்டுமா?

பணம் திரும்பாது. அன்றே வெளியேறவும் வேண்டாம். மறுக்கும்போது, நாட்டை விட்டுப் போக வழக்கமாக 7 நாள் அவகாசம் கொடுத்து முத்திரை குத்துவார்கள். அந்த முத்திரையில் உள்ள தேதியையும் கவுன்டரிலேயே பார்த்துவிட்டு, அதற்குள் ஒரு நாளுக்கு ரயில் சீட்டையோ விமானச் சீட்டையோ அன்று மாலையே வாங்கிவிடுங்கள்.