எல்டாப் வேலை தந்துவிட்டார்களே என்று தவிக்கும் தம்பிக்கு

தம்பி, இன்டர்ன்ஷிப்பில் கூடச் சேர்ந்தவர்களெல்லாம் ஏஐ டீமில் இருக்க, உங்களுக்கு மட்டும் எல்டாப் வேலை: பயனர் கணக்குகளை வைத்திருக்கும் டைரக்டரி சர்வரிடம் விவரம் கேட்கும் அப்ளிகேஷன்களை (கிளையன்ட்டுகளை) வேகப்படுத்துவது. டீம் மாற்றிக் கேட்கலாமா என்கிறீர்கள். இப்போது வேண்டாம்.

அந்த சர்வரோடு பேசும் முறையான எல்டாப் (LDAP) 1993-லேயே வந்துவிட்ட பழைய சரக்குதான். ஆனால் பெரிய நிறுவனங்கள் பலவற்றில் லாகின் இன்னும் அதை நம்பித்தான் ஓடுகிறது. லாகின் இழுத்தால் எல்லாரும் கத்துவார்கள். காரணம் சொல்லத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர். அந்தக் கொஞ்சம் பேரில் ஒருவராகும் வாய்ப்பு உங்கள் கையில் இருக்கிறது.

எந்த செட்டிங்கையும் தொடுவதற்கு முன் சர்வர் லாக்கைப் பாருங்கள். நிமிடத்துக்கு எத்தனை பைண்ட் (அடையாளம் காட்டி நுழைவது), எத்தனை சர்ச் (விவரம் தேடுவது), அதில் ஒரே சர்ச் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். கனெக்ஷன் திறந்து, ஒரே ஒரு சர்ச் செய்து, உடனே மூடும் அப்ளிகேஷன் ஏதாவது கண்ணில் படும். ஒவ்வொரு முறையும் டிஎல்எஸ் கைகுலுக்கலுக்கே, அதாவது மறையாக்கத்தைத் தொடங்கும் பேச்சுக்கே, நேரம் போகும். கனெக்ஷன்களை மூடாமல் வைத்து மறுபடி பயன்படுத்தும் கனெக்ஷன் பூல் வேண்டிய இடம் அதுதான்.

ஜாவா அப்ளிகேஷன் என்றால் ஒரு பொறி உண்டு. டைரக்டரியோடு பேச ஜாவாவில் உள்ள ஜேஎன்டிஐ-யில் பூலை ஆன் செய்தாலும், இயல்பாக அது மறையாக்கம் இல்லாத சாதாரண கனெக்ஷன்களை மட்டுமே பூலில் வைக்கும். 636 போர்ட்டில் மறையாக்கத்தோடு போகும் எஸ்எஸ்எல் கனெக்ஷன்களையும் சேர்க்க, புரோட்டோகால் செட்டிங்கில் தனியாகச் சொல்ல வேண்டும். அதையும் சிஸ்டம் பிராப்பர்ட்டியாகக் கொடுக்க வேண்டும். பூல் இருக்கிறது என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருப்பார்கள், லாக்கோ வேறு கதை சொல்லும். அப்புறம், சும்மா கிடக்கும் கனெக்ஷனை மைக்ரோசாஃப்ட்டின் டைரக்டரி சர்வரான ஆக்டிவ் டைரக்டரி இயல்பாக 900 நொடியில் அறுத்துவிடும். பூலின் காலக்கெடு அதைவிடக் குறைவாக இருக்கட்டும். பயனரின் பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் பைண்டை சர்ச் பூலில் கலக்காதீர்கள். பைண்ட் செய்ததும் அந்தக் கனெக்ஷன் அந்தப் பயனரின் அடையாளத்துக்கு மாறிவிடும்.

கேஷ், அதாவது ஒருமுறை வாங்கிய பதிலைச் சேமித்து வைக்கும் விஷயம், இன்னும் சுவையானது. லினக்ஸில் டைரக்டரியிடம் பயனர் விவரம் கேட்டு வாங்கும் எஸ்எஸ்எஸ்டி சேவை ஒரு பதிவை இயல்பாக 5400 நொடி, அதாவது ஒன்றரை மணி நேரம் வைத்திருக்கும். நேரத்தைக் கூட்டினால் சர்வருக்கு நிம்மதி. ஆனால் ஒருவரைக் குழுவிலிருந்து நீக்கிய பிறகும் சில இடங்களில் பழைய குழுவே தெரியும். அதனால் இந்த எண்ணை நீங்களாக முடிவு செய்யாமல், பாதுகாப்பு டீமிடம் "எவ்வளவு தாமதம் பரவாயில்லை?" என்று கேட்டு, பதிலைக் குறித்துவையுங்கள். இன்டர்வியூவில் "கேஷ் போட்டேன்" என்பவரை யாரும் நினைவில் வைப்பதில்லை. ஏன் இத்தனை நிமிடம், மாற்றத்துக்கு முன் எத்தனை பைண்ட், பின் எத்தனை என்று சொல்பவரிடம்தான் அடுத்த கேள்வி வரும்.

எல்டாப் மட்டும் தெரிந்தால் போதாது, சரி. லாகினுக்கும் அனுமதிக்கும் பயன்படும் ஓஆத், ஓப்பன்ஐடி கனெக்ட், சாம்எல் மூன்றையும் மாலையில் படித்தால் அடையாள மேலாண்மை வேலைகளுக்கும், சர்வர் நம்பகத்தன்மை பார்க்கும் வேலைகளுக்கும் விண்ணப்பிக்கலாம்.

லாக்கைப் பார்க்க அனுமதியே தராமல், நாள் முழுக்க பாஸ்வேர்ட் ரீசெட் மட்டும் செய்யச் சொன்னால் கதை வேறு. முதலில் அந்த அனுமதியை மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். மறுத்தால், அப்போது டீம் மாற்றம் கேட்கத் தயங்காதீர்கள்.