'அப்படியே' என்ற சொல்

கேள்வி: வேத காலத்து மதத்தைத்தானே நாம் இன்றும் அப்படியே பின்பற்றி வருகிறோம்?
– ஒரு வாசகர், கரூர்

பதில்: அந்த 'அப்படியே'யோடு இந்தப் பக்கத்தில் பல வருடமாகச் சண்டை போட்டு வருகிறேன், இன்னும் விடுவதாக இல்லை.

ரிக்வேதத்தில் 1028 சூக்தங்கள், அதாவது துதிப்பாடல்கள். அவற்றில் சுமார் 250 இந்திரனுக்கு. ருத்திரனுக்கு முழுசாக மூன்றே மூன்று, விஷ்ணுவுக்கும் ஐந்தாறுதான். 'சிவ' என்பது அங்கே பெயர்கூட இல்லை, 'மங்களமான' என்று பொருள்படும் அடைமொழி. இன்று இந்திரனுக்கு உங்கள் ஊரில் கோயில் உண்டா? புகாரில் இந்திர விழா எடுத்த நாமே அவனை விட்டுவிட்டோம். கோயிலும் சிலையும் வேள்விக்குத் தேவைப்படவே இல்லை. வேள்வியில் சாறு பிழியும் சோமக் கொடி கிடைக்காவிட்டால் எதைப் பிழிவது என்று 'பிராமணங்கள்' எனும் வேள்வி விளக்க நூல்களே மாற்று சொல்லிவிட்டன. 1975இல் கேரளத்துப் பாஞ்ஞாளில் நம்பூதிரிகள் 12 நாள் அக்னிசயனம் என்ற வேள்வி செய்தபோது பலி ஆட்டுக்குப் பதில் வாழையிலையில் மடித்த அரிசி மாவு.

சரி, மாறாதது எது? ஓசை. 'அக்னிம் ஈளே புரோஹிதம்' என்ற மூன்று சொல்லைக் கன பாடம் என்ற ஓதும் முறையில் சொல்லிப் பாருங்கள் (சந்தி சேர்க்காமல் எழுதுகிறேன்): அக்னிம் ஈளே, ஈளே அக்னிம், அக்னிம் ஈளே புரோஹிதம், புரோஹிதம் ஈளே அக்னிம், அக்னிம் ஈளே புரோஹிதம். இப்படி முன்னும் பின்னுமாகப் பின்னிவிட்டால் ஒரு சொல் நழுவினாலும் உடனே காதில் இடிக்கும். ஏடு இல்லாமல், வாய்க்கு வாய், மூவாயிரம் வருடம் ஒரு நூலைக் காப்பாற்றிய ஏற்பாடு இது. நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கும்.

என் கோபம் இங்கேதான். பதஞ்சலி தம் இலக்கண உரையான மகாபாஷ்யத்தில் ரிக்குக்கு 21, யஜுஸுக்கு 101, சாமத்துக்கு 1000, அதர்வத்துக்கு 9 என்று சாகைகளை, அதாவது ஓதும் கிளைகளை, கணக்குச் சொல்கிறார். இன்று யுனெஸ்கோ கணக்கில் மிஞ்சியவை 13. எல்லாம் அப்படியே இருக்கிறது என்று நாம் நம்பிக்கொண்டிருக்கும்போதே மற்றவை பேச்சுமூச்சில்லாமல் போய்விட்டன. பாஞ்ஞாளில் பாடுகிற ஜைமினீயம் என்ற சாம வேத சாகையை நம் பக்கத்திலும் சில கிராமங்களில் ஓதுகிறார்கள், விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஒரு நாள் விடிகாலையில் ஏதாவது பாடசாலைத் திண்ணையில் போய் உட்காருங்கள். பையன் ஒரு ஸ்வரத்தை ஏற்ற வேண்டிய இடத்தில் இறக்கினால் குரு எவ்வளவு சீக்கிரம் நிறுத்துகிறார் என்று கவனித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.