64 வயது அம்மாவுக்கு இனிமேல் புற்றுநோய்ப் பரிசோதனை தேவையா?

தாராவியிலிருந்து ஒரு வாசகி: "அம்மாவுக்கு 64 வயது. திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து நாற்பது வருஷம் ஆகியும் தமிழ் மட்டும்தான் பேசுவார். ஊரில் சித்திக்கு மார்பகம், கர்ப்பப்பை வாய் இரண்டையும் சோதித்துவிட்டார்கள், அம்மாவை இங்கே யாரும் கூப்பிடவே இல்லை. அமெரிக்காவில் கறுப்பினப் பெண்கள்தான் மார்பகப் புற்றுநோயால் அதிகம் இறக்கிறார்கள் என்று அண்ணன் சொல்கிறான். இதெல்லாம் பிறப்பிலேயே வருவதா? இந்த வயதில் சோதனை எதற்கு?"

தேவைதான், இந்த மாதமே கூட்டிக்கொண்டு போங்கள்.

அண்ணன் சொன்னது சரி. அங்கே கறுப்பினப் பெண்களுக்கு அந்த நோய் வருவது வெள்ளையினப் பெண்களைவிடச் சற்றுக் குறைவு, ஆனால் இறப்பு ஏறக்குறைய 40 சதவீதம் அதிகம். மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே, எடுப்பதில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சிலருக்கு வரும் கட்டியே வேகமான வகை, அது ஒரு காரணம்; ஆனால் சந்தேகம் என்று வந்த பிறகு அடுத்த சோதனைக்கும் சிகிச்சைக்கும் ஆகும் தாமதத்தைப் பிறப்பின் மேல் போட முடியாது.

நம் நாட்டிலும் ஊருக்கு ஊர் வித்தியாசம் உண்டு. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 30 முதல் 49 வயதுப் பெண்களில் கர்ப்பப்பை வாய்ச் சோதனை ஒரு தடவையாவது செய்துகொண்டவர்கள் நாடு முழுவதும் 1.9 சதவீதம், தமிழ்நாட்டில் 9.8. அம்மா வயதுக்காரர்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை, அது எனக்கு ரொம்ப உறுத்துகிறது.

ஏனென்றால் பலன் அதிகம் தெரிந்தது மூத்தவர்களிடம்தான். இதே மும்பையில் குடிசைப் பகுதிகளில் ஒன்றரை லட்சம் பெண்களை வைத்து டாடா நினைவு மருத்துவமனை மருத்துவர்கள் 20 வருஷம் நடத்திய ஆய்வு 2021ல் வெளிவந்தது. அதில் மேமோகிராம் கிடையாது, பயிற்சி பெற்ற பெண் பணியாளர் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மார்பகத்தைக் கையால் தடவிப் பார்த்தார், அவ்வளவுதான். 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் மார்பகப் புற்றுநோய் இறப்பு சுமார் 30 சதவீதம் குறைந்தது, இளையவர்களிடம் அப்படிக் குறையவில்லை.

அம்மாவுக்கு மார்பகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கர்ப்பப்பை வாய்க்கு முகாம்களில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்ப்பார்கள், மாதவிலக்கு நின்றவர்களுக்கு அது சரியாகக் காட்டாது, எனவே பாப் ஸ்மியர் (அந்த இடத்து செல்களை எடுத்துப் பார்ப்பது) அல்லது எச்.பி.வி. சோதனை (இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பது) கேளுங்கள். வெற்றிலையோடு புகையிலை போடுவாரா, மிசிரியால் (வறுத்த புகையிலைத் தூள்) பல் தேய்ப்பாரா? அப்படியானால் வாயையும் கட்டாயம் காட்ட வேண்டும். மராத்தியிலும் இந்தியிலும் சொல்வதற்கெல்லாம் அம்மா தலையாட்டிவிட்டு வந்துவிடுவார், அதனால் கூடவே உள்ளே போங்கள், முடிவு என்றைக்கு வரும் என்று கேட்டு அன்றைக்கு நீங்களே போய் வாங்குங்கள்.

அப்புறம், மாதவிலக்கு நின்ற பிறகு எப்போதாவது ரத்தம் பட்டதா என்று இன்று ராத்திரியே கேளுங்கள், வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருந்திருப்பார். ஒரு சொட்டு பட்டிருந்தாலும் முகாமுக்குக் காத்திருக்காமல் நாளைக்கே மகளிர் நோய் மருத்துவரிடம் காட்டுங்கள்.