மருந்தடிப்பவருக்குக் கல்லீரல் கெடுமா?

நீலகிரி கேத்தியில் வருடக்கணக்காகக் கேரட்டுக்கும் உருளைக்கிழங்குக்கும் மருந்தடிக்கும் அப்பாவுக்கு ரத்தத்தில் எஸ்ஜிபிடி (கல்லீரல் பாதிப்பைக் காட்டும் என்சைம்) கூடியிருக்கிறது, மருந்துதான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருக்கலாம். தோல், மூச்சு வழியாக உள்ளே போவதை உடைப்பது பெரும்பாலும் கல்லீரல்தான். குளோர்பைரிபாஸ் போன்ற பூச்சிமருந்துகள் அங்கே முதலில் ஆக்சான் என்ற இன்னும் கடுமையான பொருளாக மாறி, அப்புறம்தான் சிதைகின்றன. இது ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் கல்லீரலில் கொழுப்பு சேரலாம், அழற்சி வரலாம். பெரும்பாலும் வலியே தெரியாது. மதுவும் சர்க்கரை நோயும் ஹெபடைட்டிஸ் பி-யும் கூட எஸ்ஜிபிடியை ஏற்றும் என்பதால் அவற்றையும் பார்த்துவிடுங்கள்.

எனக்குப் பெரிய கவலை, முதுகு டேங்க் கசிந்து நனைந்த ஸ்வெட்டர். குளிருக்குப் பயந்து அதைக் கழற்றாமலே இருந்தால் மருந்து தோலில் ஊறிக்கொண்டே இருக்கும். அடித்து முடித்ததும் கழற்றி, சோப்பு போட்டுக் குளிக்கச் சொல்லுங்கள். டாக்டரிடம் போகும்போது மருந்து லேபிளைப் படம் எடுத்துப் போங்கள். கோலினெஸ்டரேஸ் ரத்தப் பரிசோதனை (இந்த வகை மருந்து உடலைத் தாக்கியிருக்கிறதா என்று காட்டுவது), வயிற்று ஸ்கேன் பற்றிக் கேளுங்கள்.