லேபில் நிற்பவர்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் மகளுக்கு இரண்டாவது முறையும் மருத்துவப் படிப்பில் இடம் கிடைக்கவில்லை. இன்னொரு முறை தேர்வு எழுது என்றால், மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம் படிக்கிறேன் என்கிறாள். டாக்டராக வேண்டியவள் லேப் டெக்னீஷியனாகப் போவதா என்று மனம் ஆறவில்லை. இந்தத் துணைப் படிப்புகளில் எதற்கு வேலை நிச்சயம்? வெளிநாடு போக முடியுமா? செயற்கை நுண்ணறிவு வந்தபின் இவையெல்லாம் நிற்குமா?

ச.

அன்புள்ள ச.,

எந்தப் படிப்பு நல்லது என்று கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. உங்களுக்கு எழுதக் காரணம், கொஞ்ச நாளாகவே லேபில் வேலை செய்கிறவர்களைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேலை இருக்கிறது. 2030 வாக்கில் உலகம் முழுக்கச் சுமார் 1 கோடியே 10 லட்சம் சுகாதாரப் பணியாளர்கள் பற்றாக்குறை இருக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. வெளிநாடு என்றால் அந்தந்த நாட்டின் பதிவு, தேர்வு, மொழித் தகுதி எல்லாம் வேறுவேறு, சேரும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். செயற்கை நுண்ணறிவு? அந்தத் துறையின் முன்னோடியான ஜெஃப்ரி ஹின்டன் 2016-ல், இனி ஸ்கேன் பார்த்துச் சொல்லும் ரேடியாலஜிஸ்டுகளுக்குப் பயிற்சி தருவதையே நிறுத்திவிடலாம் என்றார். அதைக் கேட்டு நிறுத்தியிருந்தால் இன்று ஸ்கேன் பார்க்க ஆளில்லாமல் நோயாளிகள் தவித்திருப்பார்கள்.

சரி, “டாக்டராக வேண்டியவள்” என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு வருகிறேன். படித்ததும் கோபம்தான் வந்தது.

போன வருடம் என் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தார். ஒரு நாள் காலையில் எடுத்த ரத்தத்தில் பொட்டாசியம் 7-ஐத் தாண்டியிருந்தது. 3.5-லிருந்து 5 வரை இருக்க வேண்டியது. அந்த எண் நிஜமென்றால் இதயம் எந்த நேரமும் தாளம் தப்பலாம், உடனே இன்சுலினும் குளுக்கோஸும் கொடுத்து இறக்கியாக வேண்டும். அம்மாவோ தலையணையில் சாய்ந்துகொண்டு பக்கத்துக் கட்டில்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். லேபில் இருந்த பெண் அதை அப்படியே ரிப்போர்ட்டாக அனுப்பவில்லை. அதே சாம்பிளில் கால்சியம் அடியோடு சரிந்திருந்ததைக் கவனித்திருக்கிறார். பொட்டாசியம் எகிறி, கால்சியம் விழுந்தால் முதலில் ஊதா மூடி ட்யூபைத்தான் சந்தேகப்பட வேண்டுமாம். ரத்தம் உறையாமலிருக்க அதற்குள் இடிடிஏ என்ற ரசாயனம் பொட்டாசிய உப்பாக இருக்கும், அது கால்சியத்தைக் கவ்விக்கொள்ளும். அந்த ரத்தம் கொஞ்சம் வேறு ட்யூபில் கலந்தால் போதும், கணக்கு தலைகீழாகிவிடும். ரத்த அணுக்கள் உடைந்திருந்தாலாவது சீரம், அதாவது ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி, சிவந்து காட்டிக்கொடுக்கும். இப்படி ட்யூப் கலந்தால் சீரம் வழக்கம்போலவே இருக்கும், பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

அவர் மாடியேறி வார்டுக்கு வந்து, ரத்தம் எப்படி எடுத்தீர்கள் என்று நர்ஸிடம் குரல் உயர்த்தாமல் கேட்டார். ஒரு ட்யூபில் ரத்தம் குறைந்ததால் ஊதாவிலிருந்து கொஞ்சம் ஊற்றியதாக நர்ஸ் சொன்னார், பாவம், இரவு முழுக்க ஒற்றை ஆளாக வார்டைப் பார்த்தவர். லேப் பெண் தானே புதிதாக எடுத்துக்கொண்டு போய் ஓட்டினார். 4.1. முதல் எண்ணை நம்பி மருந்து கொடுத்திருந்தால், சரியாக இருந்த பொட்டாசியம் கீழே போய் அதுவும் இதயத்தைத்தான் தாக்கியிருக்கும் என்று டூட்டி டாக்டர் அப்புறம் சொன்னார். டாக்டரைக் காப்பாற்றியதும் அந்தப் பெண்தான், ச. அவருடைய அப்பா உங்களைப் போல மனம் ஆறாமல் தடுத்திருந்தால் என் அம்மாவின் கதி என்ன?

ஆய்வகத் தவறுகளில் பெரும்பகுதி இயந்திரத்துக்குள் நடப்பதில்லை. ஆள் மாறி ஒட்டிய லேபிள், தவறான ட்யூப், வழியில் நேரம் கடந்துபோன சாம்பிள் என்று அதற்கு முன்பே நடந்துவிடுகிறது. இயந்திரம் தன் வாயில் வந்ததை அளந்து சொல்லும், வந்தது இந்த ஆளின் ரத்தம்தானா என்று மாடியேறிப் போய் விசாரிக்க ஆள் வேண்டும். ரத்த வகைகளை லேண்ட்ஸ்டைனர் 1901-ல் பிரித்துச் சொன்னார், இன்றும் ஒரு பை ரத்தம் ஏற்றும் முன் பையில் இருப்பதையும் நோயாளியின் ரத்தத்தையும் பொருத்திப் பார்த்து இது சேரும் என்று பொறுப்பேற்பவர் லேபில்தான் நிற்கிறார். இதைப் போய்த் துணைப் படிப்பு என்கிறீர்கள். இதய அறுவையில் இதய-நுரையீரல் இயந்திரத்தை ஓட்டும் பெர்ஃப்யூஷனிஸ்ட், கதிர்வீச்சின் அளவைக் கணக்கிடும் மருத்துவ இயற்பியலாளர் எல்லோரையும் இப்படித்தான் ஒதுக்குகிறோம்.

உங்கள் வருத்தம் எனக்குப் புரியாமல் இல்லை. பிள்ளைக்காக வருடக்கணக்கில் ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தவர் நீங்கள். ஆனால் இரண்டு முறை அடிவாங்கிய பெண், மூலையில் உட்கார்ந்துவிடாமல் தானே ஒரு வழியைத் தேடிக்கொண்டு வந்து அப்பாவிடம் தைரியமாகச் சொல்லியிருக்கிறாள். அவளிடம் போய் மூன்றாம் முறை எழுது என்கிறீர்களே, கொஞ்சமாவது அவள் முகத்தைப் பார்த்தீர்களா?

தொடக்கச் சம்பளம் டாக்டருடையதைவிடக் குறைவுதான், இரவு ஷிஃப்ட் உண்டு, நோயாளிகளுக்கு இவர்கள் பெயர்கூடத் தெரியாது. அதையும் அவளிடம் மறைக்காமல் பேசுங்கள். கவலைப்பட வேண்டுமென்றால் கல்லூரியைப் பற்றிக் கவலைப்படுங்கள்: அங்கீகாரம் இருக்கிறதா, சொந்த மருத்துவமனையோடு இணைந்ததா, மாணவர்கள் கையாலேயே ரத்தம் எடுத்து, இயந்திரம் ஓட்டிப் பழகுகிறார்களா, அல்லது ஓரமாக நின்று வேடிக்கை பார்க்க விடுகிறார்களா. கடைசி வருட மாணவர்களிடம் தனியாகக் கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவார்கள்.