டிரையரில் காய்ந்த நெல் அரைவையில் ஏன் நொறுங்குகிறது?

கேள்வி: அடியிலிருந்து சூடான காற்றை ஊதும் தொட்டி டிரையரில் இரண்டடி உயரத்துக்கு நெல் கொட்டி, 60 டிகிரி சூட்டில் காய வைக்கிறேன். 22 சதவீத ஈரம் 14-க்கு இறங்கியதும் மூட்டை பிடித்துவிடுகிறேன். மறுநாள் ஈரம் அளக்கும் மீட்டர் 15-க்கு மேல் காட்டுகிறது. அரைவையில் குருணையும் அதிகம். எத்தனை மணி நேரம் ஓட்டுவது என்று கணக்குப் போட முடியுமா?

பதில்: முடியும். ஆனால் உங்கள் சிக்கல் நேரத்தில் இல்லை, சூட்டில் இருக்கிறது.

நெல்மணிக்குள் சூடு சில நிமிடங்களில் ஏறிவிடும். ஈரம் அப்படி வராது. நடுவிலிருந்து மெல்லக் கசிந்து மேலே வர மணிக்கணக்காகும். 60 டிகிரியில் மேற்பரப்பு காய்ந்துவிடும், நடுப்பகுதி ஈரமாகவே கிடக்கும். சூடான நெல்லை மீட்டரில் வைத்தால் அந்த வெளித்தோலின் வறட்சிதான் பெரிதும் தெரியும். நிறுத்திய பிறகு உள்ளீரம் வெளியே நகர்கிறது: வெளிப்பக்கம் உப்ப, நடு சுருங்க, அரிசியின் குறுக்கே கீறல் விழுகிறது. உமி மூடியிருப்பதால் ஆலைக்குப் போகும்வரை அது கண்ணில் படாது.

தொட்டிக்குள்ளும் இதே கதைதான். இதைக் கணிப்பவர்கள் நெல்லைப் பல மெல்லிய அடுக்குகளாகப் பிரித்து, ஓர் அடுக்கிலிருந்து வெளியேறும் காற்றே அடுத்த அடுக்குக்குள் நுழைவதாக வைத்துக் கணக்கிடுவார்கள். அடியில் ஈரத்தை வாங்கிய காற்று குளிர்ந்து, மேலே போகும்போது வாங்கும் திறனை இழந்துவிடுகிறது. அதனால் மேல் நெல் 14-க்கு வரும்போது அடி நெல் 10, 11-க்குப் போயிருக்கும். இரண்டையும் கலந்து சராசரி சரி என்று விட்டுவிடாதீர்கள். அதிகம் காய்ந்த மணி பக்கத்து ஈரத்தை உறிஞ்சினாலும் கீறல்தான்.

சரி, நேரக் கணக்கு. ஒரு டன் நெல்லில் 22 சதவீத ஈரம் என்றால் உலர்பொருள் 780 கிலோ. 14 சதவீதத்தில் எடை 907 கிலோ. ஆக, போக வேண்டிய நீர் 93 கிலோ. வெளிக்காற்று 30 டிகிரி, 80 சதவீத ஈரப்பதம் என்று வைத்து 42 டிகிரிக்குச் சூடாக்கினால், அதன் ஈரப்பதம் 41 சதவீதமாக இறங்கும். அப்போதும் ஒரு கிலோ காற்று சுமந்து போவது அதிகபட்சம் 5 கிராம் நீர்தான். 93 கிலோவுக்கு 18,600 கிலோ காற்று வேண்டும். நொடிக்கு ஒரு கன மீட்டர் தள்ளும் ஊதுவிசிறியானால் டன்னுக்கு நாலரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். இது குறைந்தபட்சம்தான், கடைசி இரண்டு மூன்று சதவீதம் இன்னும் இழுக்கும்.

சூட்டை 42-க்குக் குறையுங்கள், நெல்லின் உயரத்தை ஓரடியாக்குங்கள். ஈரம் 17, 18-க்கு வந்ததும் நிறுத்தி, குவித்து மூடி நான்கு மணி நேரம் ஆற விட்டு, மேல்கீழாகக் கிளறி மீண்டும் ஓட்டுங்கள். இடையில் ஈரம் சமப்படுவதால் இரண்டாம் ஓட்டத்தில் நீர் சுலபமாக வரும். அப்புறம், நெல் நன்றாக ஆறிய பிறகே மீட்டரில் பாருங்கள். விதைநெல்லாக இருந்தால் மணியின் சூடு 43 டிகிரியைத் தாண்டவே கூடாது, முளைப்பு போய்விடும்.