முகம் அறியாதவரோடு வாதிட்டால் மனம் மாறுமா?

இணையத்தில் நடக்கும் வாதங்களைப் பற்றி வாசகர்களிடமிருந்து பல கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒன்றோடொன்று தொடர்புடையவையாக இருப்பதால், அவற்றுள் சிலவற்றுக்கு இந்த இதழில் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: பல ஆண்டுகளாகச் சமூக ஊடகங்களில் முன்பின் தெரியாதவர்களோடு வாதிட்டு வருகிறேன். ஆதாரங்களைத் தேடி எடுத்து, பொறுமையாக எழுதுகிறேன். ஆனால் ஒருவர்கூட "நீங்கள் சொன்ன பிறகு என் எண்ணம் மாறிவிட்டது" என்று சொன்னதில்லை. இத்தனை உழைப்பும் விழலுக்கு இறைத்த நீர்தானா?

பதில்: இல்லை என்பதே என் உறுதியான கருத்து. உங்கள் ஏமாற்றமும் எனக்குப் புரிகிறது. ஆனால் பலன் கிடைத்ததா என்பதை அளக்க நீங்கள் எடுத்துக்கொண்ட அளவுகோல், அதாவது எதிரில் இருப்பவர் அந்த இடத்திலேயே, எல்லோர் முன்னிலையிலும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற எதிர்பார்ப்பு, மனித இயல்புக்குப் பொருந்தாதது. மனம் மாறுகிற வேலை பெரும்பாலும் வாதம் முடிந்து, கணினியை மூடிவிட்டு, தனியாக இருக்கும் நேரத்தில்தான் நடக்கிறது. அதை நீங்கள் பார்க்க வாய்ப்பில்லை.

அமெரிக்காவைச் சேர்ந்த மேகன் ஃபெல்ப்ஸ்-ரோப்பர் என்ற பெண்ணின் கதையை இங்கே சொல்வது பொருத்தமாக இருக்கும். கன்சாஸ் மாநிலத்தின் டோபீகா நகரில் அவருடைய தாத்தா நிறுவிய வெஸ்ட்பரோ பாப்டிஸ்ட் சர்ச், தன்பாலின ஈர்ப்பாளர்களையும் யூதர்களையும் கடுமையாக வெறுத்த, இராணுவ வீரர்களின் இறுதிச் சடங்குகளில்கூட வெறுப்புப் பதாகைகளோடு போய் நின்ற ஒரு சிறிய சபை. ஐந்து வயது முதல் பதாகை ஏந்தியவர் மேகன். 2009-இல் சபையின் குரலாகவே ட்விட்டரில் சேர்ந்து, யூதரான டேவிட் அபிட்போல் என்ற வலைப்பதிவரைத் தேடிப்போய்த் தாக்கினார். அவரும் முதலில் சூடாகவே பதில் கொடுத்தார். ஆனால் போகப்போக அந்தப் பேச்சு கேள்விகளாக மாறியது. ஏன் அப்படி நம்புகிறீர்கள், இந்த வசனத்துக்கு உங்கள் சபை என்ன பொருள் சொல்கிறது என்று அவர் கேட்கத் தொடங்கினார். பின்னர் நேரில் சந்தித்தபோது அவர் எருசலேமிலிருந்து ஓர் இனிப்பு கொண்டுவந்தார். மேகன் அவருக்காகச் சாக்லேட் கொண்டுவந்தார். அதே நேரத்தில் யூதர்களைப் பழிக்கும் பதாகையும் மேகனின் கையில் இருந்தது!

தன்பாலின ஈர்ப்பாளர்களுக்கு மரண தண்டனை வேண்டும் என்பது அந்தச் சபையின் பதாகைகளுள் ஒன்று. கொன்றுவிட்டால் அவர்கள் மனந்திரும்புவது எப்படி என்றும், பாவம் செய்யாதவனே முதல் கல்லை எறியட்டும் என்று இயேசு சொல்லவில்லையா என்றும் அபிட்போல் கேட்டார். மேகனிடம் பதில் இல்லை. உடனே அவர் எதையும் அறிவிக்கவில்லை; அந்த ஒரு பதாகையை மட்டும் ஏந்துவதை நிறுத்திக்கொண்டார். ஒரு விரிசல் விழுந்த பிறகு மற்ற நம்பிக்கைகளையும் சோதித்துப் பார்க்கும் துணிவு வந்தது. 2012 நவம்பரில் குடும்பத்தையும் சபையையும் விட்டு வெளியேறினார். இடைப்பட்ட காலத்தில் அந்த உரையாடல்களை வெளியிலிருந்து பார்த்த ஒருவருக்கு, "இவளோடு பேசி என்ன பயன்?" என்றுதான் தோன்றியிருக்கும்.

இந்தக் கதையில் நான் மிகவும் மதிக்கும் நுட்பம், அபிட்போல் தம்முடைய மதத்தின் அளவுகோலைக் கொண்டுவந்து மேகனை அளக்காததுதான். மேகன் எதை மதித்தாரோ அதற்குள்ளேயே நின்று, அதிலிருந்த முரண்பாட்டைச் சுட்டினார். நம்மில் பெரும்பாலோர் செய்வது இதற்கு நேர்மாறானது. நமக்குப் புனிதமானதை எதிராளி மதிக்கவில்லையே என்று கோபப்படுகிறோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முன்பின் தெரியாதவர் என்பதால்தான் மனம் மாறுவதில்லை என்று பலர் எண்ணுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. டேவிட் ப்ரூக்மன், ஜோஷ்வா கல்லா என்ற ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், மியாமியில் வீடு வீடாகப் போன தன்னார்வலர்கள், முன்பின் அறியாத வாக்காளர்களோடு சுமார் 10 நிமிடம் பேசினார்கள். திருநர்கள் மீதான வெறுப்பு அந்தப் பேச்சால் குறைந்ததோடு, மூன்று மாதங்கள் கழித்தும் அந்த மாற்றம் நிலைத்திருந்தது. அந்தப் பேச்சில் வாதத்தைவிட, தாங்கள் வேறுபடுத்தி நடத்தப்பட்ட அனுபவங்களைத் தீர்ப்புச் சொல்லாமல் பரிமாறிக்கொண்டதே அதிகம். ஆக, அந்நியர் என்பது தடையே அல்ல. உறவினரிடமோ நண்பரிடமோ விட்டுக்கொடுப்பதைவிட, நாளை முகத்தில் விழிக்கத் தேவையில்லாத ஒருவரிடம் விட்டுக்கொடுப்பது எளிது என்றுகூடச் சொல்லலாம். வீட்டு வாசலில் இல்லாத, இணையத்தில் மட்டும் இருக்கிற பெரிய தடை, சுற்றி நின்று வேடிக்கை பார்க்கும் கூட்டம். கூட்டத்துக்கு முன்னால் "நான் சொன்னது தவறு" என்பது, பலருக்குச் சொத்தை இழப்பதைவிடக் கடினமான காரியம்.

அந்தக் கூட்டமே உங்கள் உழைப்புக்குப் பலனும் தரக்கூடும் என்பதை மறக்க வேண்டாம். எழுதுகிறவர்களைவிட வாசித்துவிட்டு எதுவும் சொல்லாமல் போகிறவர்களே எந்த இணைய அரங்கிலும் மிக அதிகம். அவர்கள் எந்தப் பக்கமும் வாக்குக் கொடுக்கவில்லை. ஆகவே மாறுவதால் அவர்களுக்கு மானக்கேடு எதுவும் இல்லை. நீங்கள் பொறுமையாக எழுதியதையும் எதிராளி ஏசியதையும் அருகருகே வைத்துப் படித்தவர் எவராவது என்ன முடிவுக்கு வந்தார் என்பது உங்களுக்குத் தெரியாமலே போகலாம்.

கேள்வி: ஆதாரத்தைக் காட்டினால் மக்கள் திருந்துவதற்குப் பதிலாகப் பிடிவாதம் கூடி, தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பார்கள் என்று உளவியல் நிரூபித்திருக்கிறதாமே?

பதில்: அப்படி ஒரு முடிவு வந்தது உண்மை. பின்னர் அது வலுவிழந்ததும் உண்மை. ப்ரெண்டன் நைஹனும் ஜேசன் ரைஃப்லரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஈராக்கில் பேரழிவு ஆயுதங்கள் இருக்கவில்லை என்ற திருத்தத்தைப் படித்த பழமைவாதிகள் சிலர், ஆயுதங்கள் இருந்தன என்று முன்பைவிட உறுதியாக நம்பினார்கள். இந்தச் செய்தி உலகெங்கும் பரவியது. அதன் பிறகு தாமஸ் வுட்டும் ஈதன் போர்ட்டரும் 10,000-க்கும் மேற்பட்டவர்களிடம் 52 விஷயங்களை வைத்துச் சோதித்தபோது, அத்தகைய எதிர்விளைவு ஏறத்தாழ எங்குமே தென்படவில்லை. 2019-இல் அச்சான அந்த ஆய்வின்படி, சரியான தகவலைக் காட்டினால் பெரும்பாலானவர்கள் அதை நோக்கியே கொஞ்சமாவது நகர்கிறார்கள்.

ஆனால் தகவலைத் திருத்திக்கொள்வதும் நிலைப்பாட்டை மாற்றிக்கொள்வதும் வேறு வேறு. ஒரு தலைவர் சொன்ன புள்ளிவிவரம் தவறு என்று ஒப்புக்கொள்கிறவர், அதற்காக அந்தத் தலைவரைக் கைவிடுவதில்லை. நீங்கள் ஆதாரத்தைக் காட்டியபோது எதிராளி பிடிவாதம் பிடித்ததாகத் தோன்றியிருந்தால், அவர் அந்தத் தகவலை உள்ளூர ஏற்றுக்கொண்டு, அதிலிருந்து நீங்கள் எடுத்த முடிவை மட்டும் மறுத்திருக்கக்கூடும்.

கேள்வி: எதிர்த்தரப்பினரின் பதிவுகளை நாள்தோறும் படிக்க வைத்தால் மனிதர்கள் பக்குவப்படுவார்கள் அல்லவா?

பதில்: படிப்பதால் மட்டும் அது நடப்பதில்லை. டியூக் பல்கலைக்கழகத்தின் க்ரிஸ் பெய்லும் சகாக்களும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கர்கள் சிலர் எதிர்த்தரப்புக் கருத்துகளைப் பகிரும் ட்விட்டர் கணக்கு ஒன்றை ஒரு மாதம் தொடர்ந்தார்கள். அந்த மாத முடிவில் குடியரசுக் கட்சியினர் முன்னைவிடப் பழமைவாதிகளாகிவிட்டார்கள். ஜனநாயகக் கட்சியினரிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. திரையில் ஓடும் எதிரணியின் முழக்கத்தை நாள் முழுக்கக் கேட்பது, உரையாடல் ஆகாது. யாரும் உங்களிடம் கேள்வி கேட்பதில்லை. நீங்களும் யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

கேள்வி: ஒருவரோடு வாதத்தைத் தொடர்வதா, நிறுத்துவதா என்று எப்படித் தீர்மானிப்பது? பதில் எழுதுவதில் கைக்கொள்ள வேண்டிய முறை ஏதாவது உண்டா?

பதில்: இதற்கு உதவக்கூடிய ஒரு நல்ல ஆய்வு உண்டு. ரெடிட் தளத்தில் 2013 முதல் இயங்கும் ஓர் அரங்கில், ஒருவர் தம் கருத்தையும் அதற்கான காரணங்களையும் எழுதி, "இதை மாற்ற முடியுமா, முயன்று பாருங்கள்" என்று மற்றவர்களை அழைக்கிறார். யாருடைய பதிலாவது அவர் எண்ணத்தை மாற்றினால், ஒரு குறியீட்டை அளித்து, எது மாற்றியது என்று விளக்கவும் வேண்டும். அங்கே மனம் மாறுவது பெருமைக்குரிய செயல். நான் மேலே சொன்ன கூட்டத்தின் தடையை அவர்கள் விதிமுறையாலேயே புரட்டிப் போட்டிருக்கிறார்கள்.

கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே நடந்த ஏராளமான விவாதங்களை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்ட முடிவுகளில் சில, நம் எல்லோருக்கும் பயன்படும். எதிராளியும் நீங்களும் மாறி மாறி இரண்டு மூன்று முறை பேசினால் வாய்ப்பு கூடுகிறது; ஐந்து சுற்றைத் தாண்டினால் ஏறத்தாழ இல்லாமலே போகிறது. எதிராளி பயன்படுத்திய சொற்களையே திருப்பி அடிப்பதைவிட, அவர் யோசித்திராத கோணத்தைப் புதிய சொற்களில் சொல்வது பலித்திருக்கிறது. "இருக்கலாம்", "எனக்குத் தோன்றுகிறது" என்ற தணிந்த நடை, நாம் அஞ்சுவதுபோல் வாதத்தைப் பலவீனமாக்குவதில்லை. தம் கருத்தை "நான்" என்று எழுதுகிறவர்கள் மாறும் வாய்ப்பு அதிகம். "நாங்கள்" என்று ஒரு குழுவின் சார்பில் எழுதுகிறவர்கள் மாறுவது அரிது. இந்தக் கடைசி முடிவை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். "நாங்கள்" என்று பேசுகிறவருக்கு விட்டுக்கொடுக்கும் அதிகாரமே இல்லை.

முறை என்று கேட்டதால் ஓர் எடுத்துக்காட்டு. "பள்ளிகளில் வீட்டுப்பாடத்தை அடியோடு ஒழிக்க வேண்டும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "உங்களைப் போன்றவர்களால்தான் படிப்பின் தரம் கெட்டது" என்று தொடங்கினால், அடுத்த வரியை அவர் படிக்கப் போவதில்லை. "ஏன் அப்படி நினைக்கிறீர்கள்?" என்று கேட்டால், ஏற்கெனவே தயாராக வைத்திருக்கும் காரணங்களை அடுக்குவார்; அடுக்க அடுக்க உறுதி கூடும். மாறாக இப்படி எழுதிப் பாருங்கள்: "பிள்ளைகள் மாலை முழுவதும் எழுதிக்கொண்டே இருப்பது எனக்கும் வருத்தம் தருகிறது. வீட்டுப்பாடம் முற்றிலும் இல்லையென்றால், வகுப்பில் புரியாத கணக்கை ஒரு பிள்ளை மறுபடி போட்டுப் பார்க்கும் நேரம் எப்போது, எப்படி அமையும் என்று படிப்படியாகச் சொல்வீர்களா?" இதில் முதல் வாக்கியம் உண்மையாக இருக்க வேண்டும், உபசாரத்துக்காக எழுதினால் வாசிப்பவர் கண்டுகொள்வார். "எப்படி" என்று விளக்கத் தொடங்கியவர், தமக்குத் தெளிவாகத் தெரியும் என்று நினைத்த இடங்களில் இடைவெளி இருப்பதைத் தாமே காண்கிறார். கொள்கைகளைப் பற்றி அவ்வாறு விளக்கச் சொன்னபோது தீவிரமான நிலைப்பாடுகள் தணிந்ததாக 2013-இல் ஓர் ஆய்வு வந்தது. பிந்தைய சோதனைகளில் அந்தத் தணிவு எப்போதும் தென்படவில்லை என்றாலும், பேச்சு சண்டையாகாமல் விளக்கமாக மாறுவதே பெரிய ஆதாயம்.

நிறுத்த வேண்டிய இடம்: நீங்கள் கேட்ட கேள்விக்கு இரண்டு முறை பதில் வராமல் புதிய குற்றச்சாட்டு வந்தால் நிறுத்திவிடுங்கள். உங்கள் மனநிலை சரியில்லாத நாளில் தொடங்கவே வேண்டாம். மனநிலை கெட்டிருப்பதும், முன்னால் உள்ள பின்னூட்டங்கள் வசவாக இருப்பதும் சேர்ந்தால், சாதாரண மனிதர்களும் வசைபாடத் தொடங்கிவிடுகிறார்கள் என்று ஸ்டான்ஃபோர்டு, கார்னெல் ஆய்வாளர்கள் 2017-இல் காட்டினார்கள்.

கேள்வி: எதிரில் எழுதுவது மனிதரா, இயந்திரமா என்றே தெரியாத காலத்தில் இதற்கெல்லாம் பொருள் உண்டா?

பதில்: இயந்திரத்தின் சொல்லும் மனத்தை மாற்றுகிறது என்பதே கவலைக்கும் நம்பிக்கைக்கும் இடமளிக்கிறது. 2024-இல் சயன்ஸ் இதழில் வெளியான ஆய்வில், சதிக்கோட்பாடுகளை நம்பிய 2,000-க்கும் மேற்பட்டவர்கள் செயற்கை நுண்ணறிவு ஒன்றோடு மூன்று சுற்றுப் பேசினார்கள். அவர்களுடைய நம்பிக்கையின் உறுதி சராசரியாக 20 சதவீதம் அளவுக்குக் குறைந்து, இரண்டு மாதங்கள் கழித்தும் அப்படியே இருந்தது. ஒவ்வொருவரும் தமக்குரிய காரணத்தைச் சொல்ல, அந்தக் காரணத்துக்கே, சலிப்போ ஏளனமோ இல்லாமல், பதில் கிடைத்தது. மனிதர்களால் இது முடியாததல்ல. நாம் அந்தப் பொறுமையைத் தருவதில்லை.

ஆனால் அங்கே பங்கேற்றவர்கள் ஆய்வுக்குச் சம்மதித்தவர்கள். 2025 ஏப்ரலில் வெளிவந்த இன்னொரு செய்தி என்னை மிகவும் வருத்தியது. நான் மேலே குறிப்பிட்ட அதே ரெடிட் அரங்கில், சூரிச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் யாருக்கும் சொல்லாமல் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பின்னூட்டங்களை எழுதியிருந்தார்கள். பாதிக்கப்பட்டோருக்கு உதவும் மனநல ஆலோசகர் என்பது போன்ற பொய் அடையாளங்களும் அவற்றில் இருந்தன. திறந்த மனத்தோடு வந்தவர்களிடம் பொய் முகத்தோடு பேசியது பெரிய அநீதி. அதனால் என் அறிவுரை இதுதான்: சரிபார்க்கக்கூடிய வாதத்துக்கு யார் எழுதினாலும் செவி கொடுங்கள், "நானே அனுபவித்தேன்" என்ற ஒன்றை மட்டுமே நம்பி, அறியாத ஒருவரின் சொல்லால் முக்கியமான முடிவை மாற்றாதீர்கள்.

கேள்வி: ஒரு விவாதத்தில் எதிரில் இருந்தவர் சொன்னதே சரி என்று எனக்குப் பிறகு புரிந்தது. மாதங்கள் கடந்துவிட்டன. இப்போது போய்ச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. சொல்லத்தான் வேண்டுமா?

பதில்: சொல்லுங்கள், தாமதம் ஒரு பொருட்டல்ல. முதல் கேள்வியை எழுதிய வாசகரைப் போன்ற எத்தனையோ பேர் அப்படி ஒரு வரிக்காகக் காத்திருக்கிறார்கள். நீண்ட மன்னிப்பு தேவையில்லை. அவர் எழுதியதில் எந்த வாக்கியம் உங்களை யோசிக்க வைத்தது என்பதைக் குறிப்பிடுங்கள்; எந்த அளவுக்கு மாறியிருக்கிறீர்கள், எதில் இன்னும் உடன்படவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பொதுவில் எழுதத் தயக்கமாக இருந்தால் தனிச் செய்தியாக அனுப்புங்கள். ஆனால் முடிந்தால் அந்த விவாதம் நடந்த இடத்திலேயே, பழைய பின்னூட்டத்துக்குக் கீழேயே எழுதுங்கள். அதைப் பிறகு படிக்க வருகிறவர்களுக்கு, ஒப்புக்கொள்வதால் யாரும் சிறுமைப்படவில்லை என்பது அங்கேயே தெரியும்.